கறுப்பு காரில் 8 மாதம்: மெழுகு டஸ்டரும் ரின்ஸ்லெஸ் வாஷும்

ஒரு ராத்திரி பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினேன். தலைக்கு மேலே வெள்ளை எல்இடி விளக்கு. தற்செயலாகப் பானெட்டைப் பார்த்தேன், வயிற்றைப் பிசைந்தது. விளக்கு தெரிந்த இடத்தைச் சுற்றி, சிலந்தி வலை பின்னின மாதிரி நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள். வண்டி வாங்கி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. எங்கும் இடிக்கவில்லை, உரசவில்லை. தினமும் காலையில் நானே என் கையால் துடைத்துத் துடைத்து வைத்திருந்த கறுப்பு வண்டி.

மறுநாள் பழக்கமான பெயின்டர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் செல்போன் டார்ச்சைப் போட்டு, கதவின் மேல் சாய்வாகப் பிடித்தார். வலை தெரிந்தது. டார்ச்சை ஒரு அடி தள்ளிப் பிடித்தார். வலையும் கூடவே நகர்ந்து வந்தது. “பாத்தீங்களா தம்பி, வட்டமா தெரியுதே தவிர வட்டமான கீறல் ஒண்ணுகூட இல்ல. எல்லாப் பக்கமும் கோடு இருக்கு. வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடக்கிற கோடு மட்டும் கண்ணுல படுது” என்றார். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, “இது ரோட்டுல வாங்கினது இல்ல தம்பி. துணியில வாங்கினது” என்றார்.

அந்த வார்த்தை என்னை விடவில்லை. அன்றிலிருந்து உலர்ந்த துணியை வண்டி மேல் வைத்ததில்லை. இரண்டு பொருள் வாங்கினேன்: மெழுகு ஏற்றிய பருத்தி இழை டஸ்டர் ஒன்று, தண்ணீர் ஊற்றி அலச வேண்டாத ரின்ஸ்லெஸ் வாஷ் திரவம் ஒன்று. 8 மாதமாக இரண்டையும் வைத்துத்தான் ஓட்டுகிறேன். தினமும் தூசு படுகிற வண்டியை வைத்துக்கொண்டு கவலைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் தூசைப் பற்றி ஒரு விஷயம். மண் தூசில் குவார்ட்ஸ் துகள்கள் இருக்கும். மோஸ் கடினத்தன்மை அளவில் (எண் கூடக் கூடக் கடினம் அதிகம்) குவார்ட்ஸ் 7. ஜன்னல் கண்ணாடியே ஏறக்குறைய 5.5தான். காரின் மேல் பூச்சான க்ளியர் கோட் ஒருவகை பிளாஸ்டிக் படலம். இவை எதற்கும் அது ஈடு கிடையாது. அதன் தடிமன் பெரும்பாலான வண்டிகளில் 35 முதல் 50 மைக்ரான் வரை. நம் தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான். ஒரு முடியின் பருமன்கூட இல்லாத அந்தப் படலம்தான் வண்டியின் பளபளப்பைத் தாங்கி நிற்கிறது. கீறலைப் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம் என்பார்கள். எடுக்கலாம்தான். ஆனால் பாலிஷ் என்பது கீறலை நிரப்புவது இல்லை; சுற்றியுள்ள பூச்சைக் கீறலின் ஆழம் வரைக்கும் தேய்த்து எடுப்பது. ஒவ்வொரு தடவையும் சில மைக்ரான் போய்விடும், திரும்பி வராது. அதனால் பாலிஷ் போட வேண்டிய நிலைமைக்கு வண்டியைக் கொண்டுபோகாமல் இருப்பதுதான் லாபம்.

இதற்கு முன்னால் நான் பயன்படுத்தியவை: பழைய பனியன் துணி, ஒரு இறகுத் துடைப்பம், கடையில் பளிச்சென்று தொங்கின ஒரு பிளாஸ்டிக் இழை டஸ்டர். மூன்றுமே தப்பு. பனியன் துணி மிருதுவாக இருக்கிறதே என்று நினைப்போம். துணி மிருதுதான். துணிக்கும் பெயின்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிற மண் மிருது இல்லையே. இறகில் நடுத்தண்டு குத்தும். பிளாஸ்டிக் இழையை உலர்ந்த பெயின்டில் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறும். தட்டி முடித்த கொஞ்ச நேரத்தில் வண்டி திரும்பவும் தூசை இழுத்துக்கொண்டது.

சரி, மெழுகு டஸ்டருக்கு வருகிறேன்.

பார்ப்பதற்குத் தரை துடைக்கிற மாப் மாதிரி இருக்கும். பருத்தி இழைகள், அவற்றில் பாரஃபின் மெழுகு ஏற்றியிருப்பார்கள். தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கும். அந்தப் பிசுபிசுப்புதான் இதன் வேலையே. தூசை அது தள்ளிக்கொண்டு போவதில்லை, ஒட்டவைத்துத் தூக்கிவிடுகிறது. துணி தூசை இழுத்துக்கொண்டு போகிறது, இது எடுத்துக்கொள்கிறது. கீறல் விழுவதற்கும் விழாமல் இருப்பதற்கும் அந்த ஒரு வித்தியாசம்தான் காரணம்.

வாங்கியதும் நேராக வண்டி மேல் போடாதீர்கள். முதல் நாள் நான் அப்படித்தான் செய்தேன். பானெட் முழுக்க எண்ணெய் தடவின மாதிரி கோடு கோடாக விழுந்தது, முன் கண்ணாடியிலும் பட்டுவிட்டது. சாயங்கால வெயில் எதிரே அடித்தபோது ரோடே மங்கலாகத் தெரிந்தது. வண்டியை ஓரம் கட்டிக் கண்ணாடியைத் துடைத்த பிறகுதான் போக முடிந்தது. புது டஸ்டரைப் பழைய செய்தித்தாள் மேல் இழை கீழே படும்படி வைத்து ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் விட வேண்டும். கூடுதல் மெழுகைத் தாள் குடித்துவிடும். எனக்கு மூன்று தாள் மாற்ற வேண்டியிருந்தது. நான்காவது தாளில் கறை மிக லேசாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் பெயின்டில் கோடு விழவே இல்லை. கண்ணாடிக்கு மட்டும் இன்றைக்கும் இதைக் கொண்டுபோவதில்லை.

அடுத்தது அழுத்தம். கைப்பிடியை மூன்று விரலால் தளர்வாகப் பிடித்து, இழையின் நுனி மட்டும் படுகிற மாதிரி இழுக்கிறேன். டஸ்டரின் சொந்த எடையே போதும். கூரையில் ஆரம்பித்து, பானெட், டிக்கி, கடைசியில் கதவின் மேல்பாதி. ஒரே திசையில் நீள இழுப்பு. சுற்றிச் சுற்றித் தேய்ப்பது கிடையாது. இரண்டு இழுப்புக்கு ஒரு தடவை வண்டியை விட்டு நாலு அடி தள்ளிப் போய் உதறுகிறேன். உதறும்போது வெயிலில் பார்த்தால் தூசு புகை மாதிரி கிளம்பிப் போவது தெரியும். அந்தப் புகை டஸ்டருக்குள்ளேயே தங்கிவிட்டால், அடுத்த இழுப்பில் அது என் பெயின்டில் இருக்கும்.

ஒரு சோதனையும் செய்து பார்த்தேன். வீட்டில் வேண்டாத சிடி இரண்டு இருந்தன. அதன் அடிப்பக்கம் எளிதில் கீறல் விழுகிற பிளாஸ்டிக், பளபளப்பும் அதிகம், அதனால் சின்னக் கோடும் தெரிந்துவிடும். இரண்டின் மேலும் வண்டி மேல் படிகிற அதே மாதிரி தூசைத் தூவினேன். ஒன்றை மைக்ரோஃபைபர் துணியால், உலர்ந்தபடியே, மென்மையாகத்தான் துடைத்தேன். இன்னொன்றை டஸ்டரின் நுனியால் இழுத்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். துணி பட்டதில் ஒரே இழுப்புக்கு ஏழெட்டுக் கோடு. டஸ்டர் பட்டதில் உற்றுப் பார்த்த பிறகு ஒரே ஒரு கோடு, அதுவும் அரை அங்குலம். அதே டஸ்டரை இரண்டாவது தடவை கொஞ்சம் அழுத்தி இழுத்தேன். வரிசையாக விழுந்தது. அப்போதுதான் எனக்குத் தெளிந்தது: டஸ்டர் கீறாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, கீறலைக் குறைக்கும், அதுவும் கை லேசாக இருந்தால் மட்டும்.

அதனால் எதற்கெல்லாம் டஸ்டரை எடுக்கவே கூடாது என்று எனக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். பனியோ தூறலோ பட்டு ஈரமான தூசில் கூடாது. அது சேறு, இழையில் ஒட்டி உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். தூறல் விழுந்து காய்ந்து, புள்ளி புள்ளியாக இறுகின தூசிலும் கூடாது. கதவின் கீழ்ப்பாதி, சக்கரத்துக்குப் பின்னால் உள்ள பகுதி, பின் பம்பர் இவற்றில் எப்போதும் கூடாது. டயர் வாரியடிக்கிற மணலெல்லாம் அங்கேதான் இருக்கும். பறவை எச்சத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கதவு ஜன்னல்களுக்கு நடுவில் கறுப்புக் கண்ணாடி மாதிரி மின்னுகிற பிளாஸ்டிக் பட்டை இருக்கிறதே, அதிலும் வேண்டாம். பெயின்டைவிட அது சீக்கிரம் கீறல் வாங்கும். என் வண்டியில் மற்ற இடம் எல்லாம் தேறிவிட்டது, அந்தப் பட்டையில் பனியன் துணி காலத்துக் கீறல் இன்னும் இருக்கிறது.

டஸ்டரைத் துவைக்கக் கூடாது, துவைத்தால் மெழுகு போய்விடும். அழுக்கேற அழுக்கேற நன்றாக வேலை செய்யும் என்று சொல்கிறவர்கள் உண்டு. நிறம் கறுப்பது பரவாயில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நுனியை விரலால் தேய்க்கும்போது நறநறவென்று பட்டால் அந்த டஸ்டரின் காலம் முடிந்தது. அதைச் சக்கரத்துக்கு ஒதுக்கிவிட்டுப் புதிது வாங்குங்கள். என்னுடையதை மாதத்துக்கு ஒரு தடவை இப்படி விரலால் பார்க்கிறேன், இதுவரை நன்றாக இருக்கிறது. கீழே விழுந்த டஸ்டரை அப்படியே எடுத்து வண்டி மேல் போடுகிற பழக்கமும் வேண்டாம்.

தினமும் ஓடுகிற வண்டிக்கு, முந்தின நாள் படிந்த மெல்லிய உலர்ந்த தூசுக்கு, 2 நிமிஷ வேலை என்று பார்த்தால் இது எனக்குத் திருப்தி. அதற்கு மேல் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

இப்போது ரின்ஸ்லெஸ் வாஷ். உண்மையில் வண்டியைக் காப்பாற்றியது இதுதான். நான் வாங்கியது ஆப்டிமம் நோ ரின்ஸ். தண்ணீரில் கலக்கிற செறிவான திரவம்; கழுவுவதற்கு 256 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு. நம் கணக்கில் சொன்னால் ஏழரை லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. ஒரு பக்கெட்டில் முழுக் காரும் முடிந்துவிடுகிறது. ஷாம்பு மாதிரி நுரை வராது. முதல் தடவை கலக்கியபோது நுரையே இல்லையே, அளவு குறைந்துவிட்டதோ என்று இன்னொரு மூடி ஊற்றினேன். துடைத்த பிறகு படலம் படலமாகக் கறை தங்கியது. தப்பு திரவத்தின் மேல் இல்லை. அளவுக் கோப்பையில் அளந்து ஊற்றினால் அந்தப் பிரச்சினை வருவதே இல்லை.

இதில் உள்ள பாலிமர்கள் மண் துகளைச் சூழ்ந்துகொண்டு, பெயின்டுக்கும் துகளுக்கும் நடுவே வழவழப்பை உண்டாக்குகின்றன. துணி வழுக்கிக்கொண்டு போகும். வெறும் தண்ணீரில் நனைத்த துணியையும் இதில் நனைத்த துணியையும் மாறி மாறிக் கண்ணாடியில் இழுத்துப் பாருங்கள், கையிலேயே தெரியும். வெறும் தண்ணீர்த் துணி பிடித்துப் பிடித்து வரும்.

நான் செய்கிற முறை இது. வண்டியை நிழலில் நிறுத்தி, பானெட் கைக்குச் சுடாத அளவு ஆறவிடுகிறேன். சுடுகிற தகட்டில் ஸ்ப்ரே அடித்தால் துடைப்பதற்குள் காய்ந்துபோகும், அப்புறம் உலர்ந்த துணியால் துடைத்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. அதே கலவையைக் கையால் பம்ப் அடிக்கிற ஸ்ப்ரேயரில் நிரப்பி, ஒரு பாகம் முழுக்க நன்றாக நனைக்கிறேன். கஞ்சத்தனம் கூடாது, விளிம்பிலிருந்து சொட்ட வேண்டும். சொட்டுகிற தண்ணீர் முதலில் பழுப்பாக வரும். துணி படுவதற்கு முன்பே தூசின் ஒரு பங்கு தானாக இறங்கிப் போகிறது என்று அர்த்தம். ஒரு நிமிஷம் ஊறவிடுகிறேன். பிறகு பக்கெட்டில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியை, பிழியாமல் லேசாக வழியவிட்டு, பெயின்டின் மேல் வைத்து ஒரே நேர்கோட்டில் இழுக்கிறேன். கையை மேலே அழுத்துவதில்லை, துணியின் ஈர எடைதான். முன்னே ஒரு தடவை, அவ்வளவுதான். திரும்பப் பின்னால் கொண்டுவருவதில்லை. ஒரு பக்கம் அழுக்கானதும் மடிப்பைத் திருப்பிவிடுகிறேன்.

துணியை நாலாக மடித்தால் மொத்தம் 8 சுத்தமான பக்கம் கிடைக்கும். கூரையை முடித்துவிட்டுத் துணியைத் திருப்பிப் பார்த்தபோது முதல் பக்கத்தின் ஒரு விளிம்பில் மட்டும் தடிமனாகப் பழுப்புக் கோடு. துணி முன்னேறும்போது முதலில் தூசைச் சந்திக்கிற விளிம்பு அது. மற்ற இடம் வெறும் ஈரம். அந்த ஒரு கோட்டு மண்ணைத்தான் ஒன்றரை வருஷமாகப் பனியன் துணியில் வைத்து வண்டி முழுக்க இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதைப் பார்த்த நிமிஷம் மனசு கனத்துவிட்டது.

எனக்கு ஒரு தடவைக்கு ஆறு துணி ஆகிறது. அழுக்கான துணியைத் திரும்பப் பக்கெட்டில் முக்குவது கிடையாது. பக்கெட் தண்ணீர் கடைசி வரை சுத்தமாக இருக்க வேண்டும். எல்லாத் துணியையும் ஆரம்பத்திலேயே பக்கெட்டில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து, முடிந்ததை வேறு பக்கம் போடுகிறேன். உலர்த்துவதற்குத் தனியாகப் பெரிய, மொசுமொசுவென்ற துணி ஒன்று. கதவின் கீழ்ப்பகுதி எப்போதும் கடைசி. அங்கே பட்ட துணி அன்றைக்கு வேறெங்கும் படாது.

துணி விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். பாலியஸ்டர், பாலிஅமைடு இரண்டும் கலந்து, இழையை நுண்ணியதாகப் பிளந்து நெய்ததுதான் நல்ல மைக்ரோஃபைபர். 80க்கு 20 அல்லது 70க்கு 30 என்று அட்டையில் போட்டிருப்பார்கள். ஓரத்தில் தடித்த தையலும் லேபிளும் இருந்தால் லேபிளை முதலில் பிரித்து எடுங்கள், வெட்டினால் முனை நிற்கும். துவைக்கும்போது பருத்தித் துணியோடு போட்டால் பஞ்சு எல்லாம் இதில் ஏறிக்கொள்ளும். துணி மென்மைக்காக ஊற்றுகிற கண்டிஷனர் கூடவே கூடாது, இழையை மூடிவிடும். சூடான உலர்த்தியில் போட்டால் நுனி உருகிச் சொரசொரவென்று ஆகும். தரையில் விழுந்த துணியை நான் அன்றைக்கே சக்கரத்துக்கு மாற்றிவிடுகிறேன். எவ்வளவு நல்ல துணியாக இருந்தாலும் சரி.

ரின்ஸ்லெஸ் வாஷின் எல்லையையும் சொல்ல வேண்டும். மழையில் ஓடி, கதவெல்லாம் சேறு அப்பின வண்டிக்கு இது போதாது. எந்த ரின்ஸ்லெஸ் திரவமும் போதாது. அதற்கு முதலில் வேகமான தண்ணீர் பாய்ச்சிச் சேற்றை இறக்க வேண்டும். அப்புறம் வேண்டுமானால் இதைக் கொண்டு முடிக்கலாம். நேரமும் ஆகும். எனக்கு முழு வண்டிக்கு 40 நிமிஷம் பிடிக்கிறது. கார் கழுவுகிற இடத்தில் 10 நிமிஷத்தில் கொடுத்துவிடுவார்கள். ஆனால் நான் முன்பு போய்க்கொண்டிருந்த ஒரு இடத்தில், சக்கரத்தில் போட்ட அதே ஸ்பாஞ்சை உதறாமல் பானெட்டில் போட்டதை என் கண்ணால் பார்த்தேன். அந்த 30 நிமிஷத்தை நான் சந்தோஷமாகக் கொடுக்கிறேன்.

காற்று ஊதும் கருவியால் தூசை அகற்றுவதைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். வண்டியைத் தொடாமலே வேலை ஆவதால் அதைவிடப் பாதுகாப்பானது எதுவும் இல்லை. உறவினர் ஒருவரிடம் வாங்கி இரண்டு வாரம் பயன்படுத்தினேன். தளர்வான தூசு பறந்துவிடும், ஒட்டின மெல்லிய படலம் அப்படியே நிற்கும். கிரில்லிலும் கண்ணாடி விளிம்பிலும் ஒளிந்திருக்கிற தண்ணீரை விரட்ட அது அருமை. தூசுக்கு அரைவாசிதான்.

கவர் போட்டு மூடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தூசு படிந்த வண்டி மேல் கவரை இழுத்துப் போட்டால், காற்றில் அது ஆடும்போதெல்லாம் நாள் முழுக்க உப்புத்தாள் தேய்க்கிற வேலை நடக்கும். துடைத்துச் சுத்தமான வண்டிக்கு மட்டும் கவர்.

இப்போது என் வழக்கம் இப்படி நிலைத்துவிட்டது: வாரத்தில் மூன்று நான்கு நாள், தூசு உலர்ந்து மெல்லியதாக இருந்தால் மட்டும் டஸ்டர். வாரம் ஒரு தடவை ரின்ஸ்லெஸ். இடையில் பறவை எச்சமோ பூச்சியோ இருந்தால், 16 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு என்று கெட்டியாகக் கலந்த சின்ன ஸ்ப்ரே பாட்டிலும் இரண்டு துணியும் டிக்கியில் எப்போதும் இருக்கும். அடித்து, ஊறவிட்டு, தேய்க்காமல் தூக்கி எடுக்கிறேன். சந்தேகமாக இருக்கிற நாளில் எதையும் தொடுவதில்லை. தூசோடு ஓடுகிற வண்டிக்கு ஒரு கேடும் இல்லை, அதைப் பொறுத்துக்கொள்ளப் பழகினதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் யோசிக்காமல் ரின்ஸ்லெஸ் திரவத்தை வாங்குங்கள், மிச்சத்தில் ஆறு நல்ல துணி வாங்குங்கள். வெள்ளை, வெள்ளி நிற வண்டிக்காரர்கள் டஸ்டரோடு கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். கீறல் அங்கேயும் விழும், கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. கறுப்பும் கருநீலமும் வைத்திருப்பவர்கள் முதல் மாதம் டஸ்டரைத் தொடாமல், ஸ்ப்ரேயில் கை பழகின பிறகு வாங்குவது நல்லது.

போன மாதம் பழைய கீறலுக்கு ஒரே ஒரு தடவை லேசான பாலிஷ் போட்டுக்கொண்டேன், அதே பெயின்டரிடம். முடித்ததும் பானெட்டின் ஒரு மூலையில் டேப் ஒட்டிவைத்திருந்ததை உரித்துக் காட்டினார். டேப்புக்கு அந்தப் பக்கம் வலை, இந்தப் பக்கம் மரத்தின் கிளை ஒவ்வொன்றும் தெரிகிற கறுப்பு. நேற்று ராத்திரி அதே பெட்ரோல் பங்கில், அதே விளக்கின் கீழ் குனிந்து பார்த்தேன். நாலு வாரம் டஸ்டரும் நாலு தடவை ரின்ஸ்லெஸும் பட்ட பானெட். இடது ஓரத்தில், வைப்பர் பக்கம், புதிதாக ஒரு சின்னக் கோடு இருந்தது. மற்ற இடமெல்லாம் விளக்கு மட்டும்தான் தெரிந்தது.